லூபஸ் என்னும் வருத்தமும் மருதனார்மடத்தில் நான் வைத்த வேண்டுதலும்

தைப்பொங்கல் கழிந்த கிழமை என் கைகள் எனக்கு அடங்காமற் போயின.

நான் கடற்றொழில் செய்பவன். பெயர் ரவீந்திரன். காங்கேசன்துறைக்குக் கிழக்கே, நெடுங்காலம் இடம்பெயர்ந்திருந்து திரும்பி வந்து குடியேறிய கரையோரக் கிராமம் எங்களுடையது. எனக்கும் என் மனைவி சுகந்தியின் அண்ணன் செல்வத்துக்கும் சேர்த்து ஒரு படகு. பொழுதுபடப் போய் விடியக் கரைக்கு வருவோம். வந்த பிறகு வெயில் உச்சிக்கு ஏறும்வரை வலையில் மீன் கழற்றுவோம். வேறு வேலை எனக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்று நினைத்ததும் இல்லை.

அன்று விடிய வலை இழுக்கும்போது விரல்கள் மடியவில்லை. விரல் மூட்டு மொளிகள் எல்லாம் வீங்கி, பிடித்த கயிறு வழுகிப் போனது. செல்வம் பாய்ந்து பிடித்தபடியால் வலை தப்பியது.

"என்ன மச்சான், நித்திரையோ?" என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். பனிக்காலம்தானே, குளிருக்கு விறைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மாசி வந்தது, பனி போனது, வீக்கம் போகவில்லை. காலையில் தேநீர்க் கோப்பையைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. எண்ணெய் பூசி உருவினேன். பிறகு முழங்கால்கள். ஒரு டொக்டரிடம் போய்க் கையையும் காலையும் காட்டினேன். வாதம் என்று விழுங்கக் குளிசை தந்தார். கொஞ்சம் சுகம். அடுத்த மாதம் முகம் சிவந்தது. இரண்டு கன்னத்திலும் மூக்கின் மேலும் பூசிவிட்டது போல ஒரு சிவப்பு. வெயிலில் நின்றால் எரியும். கரையில் பகிடி விட்டார்கள், ரவி பவுடர் பூசிக்கொண்டு தொழிலுக்கு வாறான் என்று. வேறொரு டொக்டரிடம் போய் முகத்தை மட்டும் காட்டினேன். அவர் பூச்சு மருந்து தந்தார்.

பிறகு தலைமயிர் கொட்டியது. சுகந்தி தலையணை உறையை உதறும்போது பிடி பிடியாகப் பறக்கும். வாயின் மேலண்ணத்தில் புண்கள் வந்தன. சும்மா இருக்கும்போது நோகாது, ஆனால் மீன்குழம்பு பட்டதும் உயிர் போகும். பின்னேரங்களில் காய்ச்சல். டெங்கு என்று இரத்தம் சோதித்தார்கள், இல்லை என்றார்கள். ஐஸ் பெட்டியில் மீன் அடுக்கும்போது விரல்கள் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, பிறகு நீலமாகி, பிறகு சிவக்கும். அதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஐஸில் கை வைத்தால் எவனுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

எந்த டொக்டரிலும் பிழையில்லை. ஒவ்வொருவருக்கும் நான் காட்டியது உடம்பின் ஒரு துண்டை மட்டும்தான். அவர்கள் அந்தத் துண்டுக்கு மருந்து தந்தார்கள்.

ஊரில் கதை வந்தது. யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்றார்கள் சிலர். ஆளுக்கு உள்ளே பெரிய வருத்தம், தீராத நோய், மனிசிக்கு மறைக்கிறான் என்றார்கள் வேறு சிலர். நான் படகுக்குப் போகாத நாட்கள் கூடின. செல்வம் தனக்குத் துணையாக வேறு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனான். படகு போவதை வீட்டு வாசலில் நின்று பார்ப்பேன். பார்க்க ஏலாமல் உள்ளே போய்விடுவேன். நாற்பத்தொரு வயதில் என் மகள் எனக்குச் சேட்டுப் பொத்தான் பூட்டிவிட்டாள். அன்றைக்கு மனம் உடைந்தது.

வைகாசியில் நெஞ்சு நோகத் தொடங்கியது. மூச்சை இழுத்தால் கத்தி குத்துவது போல. மல்லாந்து படுக்க முடியாது. முன்னுக்குக் குனிந்து இருந்தால் கொஞ்சம் பரவாயில்லை. அப்படியே குனிந்தபடி விடிந்த ஒரு சனிக்கிழமை, சுகந்தி மகளைத் தன் தாயிடம் விட்டுவிட்டு வந்து சொன்னாள்: "எழும்புங்கோ. இண்டைக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போறம். இனி ஒரு குளிசைக் கடைக்கும் போறேல்லை."

யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் ஏறினோம். சனக்கூட்டம். சுன்னாகம் தாண்டியதும் எனக்கு மூச்சு முட்டியது. கண் இருட்டியது. சுகந்தி நடத்துநரைப் பார்த்துச் சத்தம் போட்டு, மருதனார்மடம் சந்தியில் என்னை இறக்கிவிட்டாள்.

"இதிலை நில்லுங்கோ. ஓட்டோ ஒண்டு பிடிச்சுக்கொண்டு வாறன்" என்று ஓடினாள்.

சந்தை நாள். ஓட்டோக்கள் எல்லாம் மரக்கறி மூட்டைகளோடு போய்க்கொண்டிருந்தன. நான் மதிலைப் பிடித்து நடந்து, ஆஞ்சநேயர் கோயில் வாசலடிக்கு வந்துவிட்டேன். சனிக்கிழமையானபடியால் வெற்றிலை மாலையும் துளசியுமாக அடியார்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் கரையில் அம்மனும் பிள்ளையாரும்தான் எங்களுக்கு எல்லாம். ஆஞ்சநேயரிடம் நான் ஒரு நாளும் ஒன்றும் கேட்டதில்லை. பஸ்ஸில் போகும்போது கும்பிடுவேன், அவ்வளவுதான்.

அன்றைக்குக் கேட்டேன். கையைக் கூப்ப முடியவில்லை. விரல்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. குனிந்து நின்றபடி வாய்விட்டே கதைத்தேன்.

"ஆஞ்சநேயா, இலக்குவன் விழுந்து கிடக்கேக்கை எந்தப் பச்சிலை எண்டு தெரியாமல் மலையையே தூக்கிக்கொண்டு வந்தனீ. என்ரை வருத்தம் எது எண்டும் ஒருத்தருக்கும் தெரியேல்லை. கையைப் பாக்கிறவை முகத்தைப் பாக்கினமில்லை. முகத்தைப் பாக்கிறவை நெஞ்சைப் பாக்கினமில்லை. முழு ஆளையும் ஒண்டாப் பாக்கிற ஒராளை எனக்குக் காட்டு. சுகம் தா எண்டு கேக்கேல்லை. என்னோடை சண்டை பிடிக்கிறது ஆரெண்டு சொல்லு. மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன்."

பக்கத்தில் நின்ற ஓர் அம்மா தன் கையில் இருந்த துளசியில் கொஞ்சத்தை என் சேட்டுப் பையில் வைத்துவிட்டுப் போனார். யார் என்று தெரியாது. சுகந்தி ஓட்டோவோடு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சை ஸ்கான் பண்ணிப் பார்த்தார்கள். இதயத்தைச் சுற்றியிருக்கும் உறையில் நீர் கட்டியிருந்தது. நுரையீரலைச் சுற்றியும் இருந்தது. உடனே வாட்டில் சேர்த்தார்கள்.

அடுத்த நாள் காலை ஒரு பெண் டொக்டர் என் கட்டிலுக்கு வந்தா. என்னிலும் இளமை. நெஞ்சைப் பற்றிக் கேட்கப் போகிறா என்று நினைத்தேன். அவ முதலில், மயிர் கொட்டியதை மறைக்க நான் போட்டிருந்த தொப்பியைக் கழற்றச் சொன்னா. தலையைப் பார்த்தா. வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சம் பிடித்தா. முகத்தின் சிவப்பைப் பார்த்து, "வெயிலுக்குப் போனால் கூடுறதோ, அண்ணை?" என்று கேட்டா. விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தா. பிறகு கேட்டா:

"குளிர் பட்டால் விரல் நிறம் மாறுமோ?"

நான் திகைத்துப் போனேன். "ஓம் டொக்டர். ஐஸிலை கை வைச்சால் வெள்ளையாப் போய்ப் பிறகு நீலமாகும். உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவ கட்டிலின் கால்மாட்டுக்குப் போனா. கணுக்காலை விரலால் அமுக்கினா. குழி விழுந்தது. "சலம் போகேக்கை நுரைக்கிறதோ?"

"ஓம். கொஞ்ச நாளா. அலை வந்து கரையிலை அடிச்ச மாதிரி நுரைக்கும்."

வலிப்பு வந்ததா, ஆட்களை மறந்ததா, கண் மங்கியதா என்றும் கேட்டா. இல்லை என்றேன். தலை முதல் கால் வரை கேட்டு முடித்த பிறகு, கதிரையை இழுத்து வைத்து எனக்கும் சுகந்திக்கும் நடுவில் இருந்தா.

"அண்ணை, இதெல்லாம் வேறை வேறை வருத்தமில்லை. எல்லாம் ஒண்டுதான் எண்டு எனக்குப் படுது. இரத்தம் சோதிச்சுப் போட்டு உறுதியாச் சொல்லுறன்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. சுகந்தி என்னைப் பார்த்தாள். நான் சேட்டுப் பையைத் தொட்டேன். துளசி வாடிப் போய் இருந்தது, வாசம் போகவில்லை. அடியார்களே, நான் கேட்டது ஒரு முழு நாள் கழியுமுன் கிடைத்தது. கேட்ட சொல்லுக்குச் சொல் கிடைத்தது.

இரத்த முடிவு வந்தது. லூபஸ் என்றா. நான் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. டொக்டர் எங்களுக்கு விளங்கும்படி சொன்னா: "உடம்புக்குள்ளை காவலுக்கு ஒரு படை இருக்கு, வெளியிலை இருந்து வாற கிருமியை அடிக்க. உங்களுக்கு அந்தப் படை உங்களையே எதிரி எண்டு நினைச்சு அடிக்குது. மொளியிலை அடிச்சால் வீக்கம். தோலிலை அடிச்சால் சிவப்பு. நெஞ்சிலை, சிறுநீரகத்திலை, இரத்தத்திலை, சிலருக்கு மூளையிலையும் அடிக்கும். பொம்பிளையளுக்குத்தான் கூட வாறது. ஆம்பிளையளுக்குக் குறைவு. ஆனால் வராமல் இல்லை."

சொந்தக் காவல் படை வீட்டுக்காரனை அடிப்பது என்றால் என்ன என்று போர்க்காலம் கண்ட எங்கள் ஊர்க்காரருக்கு விளக்கம் தேவையில்லை.

"மாறுமோ டொக்டர்?" என்று சுகந்தி கேட்டாள்.

"முற்றாக மாறாது. அடக்கி வைக்கலாம். அடங்கினால் நல்லா வாழலாம்."

சுகந்தி அழுதாள். நான் அழவில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு ஒரு பாரம் இறங்கியது. இருட்டில் அடிவாங்கிக்கொண்டிருந்தவனுக்கு எதிரியின் முகம் தெரிந்துவிட்டது. ஆஞ்சநேயரிடம் மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும் என்று மனதுக்குள் முடிவெடுத்தேன்.

மிச்சம் என்பது எவ்வளவு என்று அப்போது எனக்குத் தெரியாது.

முதுகுப் பக்கம் ஊசி ஏற்றிச் சிறுநீரகத்தில் ஒரு துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். லூபஸ் அங்கே பலமாகப் பிடித்திருந்தது. ஸ்டெரொயிட் குளிசை கூடின அளவில் தந்தார்கள். மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துச் சேலைனோடு கடுமையான மருந்து ஏற்றினார்கள். மலேரியாவுக்குக் கொடுக்கிற ஒரு குளிசையும் இந்த வருத்தத்துக்குக் கேட்கும் என்று தந்தார்கள், அதற்காகக் கண்ணை வருடா வருடம் காட்ட வேண்டும். வெயில் கூடாது. உப்புக் குறைக்க வேண்டும். கருவாட்டில் வளர்ந்தவனுக்கு உப்புக் குறை என்றால் என்ன சாப்பிடுவது!

மொளி வீக்கம் வற்றியது. நெஞ்சு நோவு போனது. ஆனால் முகம் பூசணிக்காய் மாதிரி ஊதியது. பசி அடங்காது. நித்திரை வராது. சிறு விசயத்துக்கும் கோபம் வரும். மருந்து ஏற்றி வந்த நாட்களில் வாளியை அணைத்துக்கொண்டு கிடப்பேன்.

அந்த நிலையில்தான் பெரியப்பா முறையான ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். நல்ல மனிதர், பக்தி உள்ளவர். ஒரு கோயிலில் மந்திரித்த நூல் கொண்டுவந்திருந்தார்.

"இதைக் கட்டு மோனை. உந்த மருந்துகளை விடு. உது உன்னைத் தின்னுது. கடவுளை நம்பிறவன் கடவுளை நம்ப வேணும். இரண்டு தோணியிலை கால் வைக்கப்படாது" என்றார்.

நான் சோர்ந்து போய் இருந்தேன். அந்த நேரம் அவர் சொன்னது சரி போலவும் இருந்தது. குளிசைகளைப் பார்த்தாலே குமட்டும் நாட்கள் அவை. சுகந்தி குசினியில் இருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"பெரியப்பா, நூலைத் தாங்கோ, கட்டி விடுறன். ஆனால் ஒண்டு கேக்கிறன். ஆஞ்சநேயர் இலக்குவனுக்கு நூலோ கட்டினவர்? மருந்தல்லோ கொண்டுவந்தவர். கடல் தாண்டிப் போய்க் கொண்டுவந்தவர். இலக்குவன் அதை வேண்டாம் எண்டு சொன்னவரோ?"

பெரியப்பா நூலைச் சுகந்தியின் கையில் கொடுத்தார். பிறகு என் தலையில் கை வைத்து, "அவள் சொல்லுறது சரி. நூலும் இருக்கட்டும், குளிசையும் குடி" என்றார்.

அன்றிலிருந்து நான் குளிசையை விரதம் போலப் பிடித்தேன். காலையில் குளித்து, சுவாமி விளக்கேற்றி, விபூதி பூசி, விளக்குக்கு முன்னால் நின்று குடிப்பேன். குமட்டினாலும் குடிப்பேன். விரதத்தில் ஒரு நாள் தவறினால் மனம் எப்படிப் பதறுமோ, அப்படிப் பதறப் பழகினேன். சுகந்தி சனிக்கிழமைகளில் பஸ் ஏறி மருதனார்மடம் போய்த் துளசி மாலை சாத்தி வருவாள். வெயிலுக்கு எனக்குப் பதிலாக அவள் போனாள்.

ஆவணியில் கடும் சோதனை வந்தது. காய்ச்சலாகி நுரையீரலில் கிருமி பிடித்தது. அந்தக் காவல் படையை அடக்கத் தருகிற மருந்து கிருமியை எதிர்க்கும் பலத்தையும் அடக்கிவிடும் என்று முன்னமே சொல்லியிருந்தார்கள். மறுபடி வாட்டில். மாதாந்த மருந்தை நிறுத்தி வைத்தார்கள். அதற்குள் சிறுநீரகம் இன்னும் பின்வாங்கியது. கால்கள் மரக்குற்றி போல வீங்கின. அந்தப் பெண் டொக்டர் ஒளிக்காமல் சொன்னா.

"அண்ணை, கிருமி மாறினால் மருந்தைத் திரும்பத் தொடங்கலாம். அதுக்கிடையிலை சிறுநீரகம் தாங்காட்டி இரத்தம் சுத்திகரிக்கிற மெசினிலை போட வேண்டி வரும். மனதை ஆயத்தப்படுத்தி வையுங்கோ."

செல்வம் அன்று பார்க்க வந்தான். கட்டிலின் ஓரத்தில் இருந்தான். படகில் என் இடத்தைப் பற்றி ஏதோ கேட்க வந்தவன் போல இருந்தது. யாரோ என் பங்கை வாங்கக் கேட்டிருப்பதாக எனக்கு முன்னமே காதில் விழுந்திருந்தது. நான் அவனைக் கேட்கவிடவில்லை.

"மச்சான், என்ரை இடத்தை ஒருத்தருக்கும் குடுக்காதை. நான் வருவன்."

"நானும் அதைத்தான் சொல்ல வந்தனான்" என்றான். "எத்தினை பேர் கேட்டாலும் நான் குடுக்கமாட்டன் எண்டு." அவன் கண் கலங்கிவிட்டது. எழும்பிப் போய்விட்டான்.

அன்றைக்கு இரண்டாம் முறையாகக் கேட்டேன். "ஆஞ்சநேயா, ஆரெண்டு காட்டினனீ. சண்டையையும் பிடிச்சன். இனி என்ரை கையிலை ஒண்டுமில்லை. இந்தச் சிறுநீரகத்தைத் தாங்கு." அவ்வளவுதான். நீளமாகக் கதைக்க மூச்சு இல்லை.

காய்ச்சல் இறங்கியது. மெதுவாக, ஒவ்வொரு படியாக இறங்கியது. கிருமி மாறியது. மருந்தை மீண்டும் தொடங்கினார்கள். மெசினில் போடுவதை இன்றைக்குப் பார்ப்போம், நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளித் தள்ளி, கடைசிவரை போடவே இல்லை. வீட்டுக்கு விட்டார்கள்.

ஐப்பசி மழை தொடங்கின ஒரு காலை. கழிப்பறைக்குப் போனேன். போய் நின்றவன் அப்படியே நின்றுவிட்டேன். நுரை இல்லை. தண்ணீர் வெறும் தண்ணீராக இருந்தது. நான் கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். அடியார்களே, பலர் தங்களுக்குக் கிடைத்த அருளைச் சந்நிதானத்தில் நின்று கண்டிருப்பீர்கள். நான் கழிப்பறையில் நின்று கண்டேன். அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதேன். சுகந்தி பயந்துபோய்க் கதவைத் தட்டினாள்.

"என்னப்பா? என்ன செய்யுது? கதவைத் திறவுங்கோ!"

"நுரை இல்லையப்பா" என்றேன். "நுரை இல்லை!"

கதவுக்கு வெளியே அவளும் அழுதாள். மகள் ஓடிவந்து, இரண்டு பேரும் ஏன் அழுகிறோம் என்று தெரியாமல் தானும் அழுதாள்.

கிளினிக்கில் சோதித்துவிட்டு டொக்டர் சொன்னா, சலத்தில் வீணாய்ப் போய்க்கொண்டிருந்த புரதம் நன்றாகக் குறைந்துவிட்டது, சிறுநீரகம் திரும்பி வருகிறது என்று. மருந்து கேட்டிருக்கிறது என்றா. ஓம், மருந்துதான் கேட்டது. அந்த மருந்து என்னிடம் வந்து சேர்ந்த வழியையும், அது உள்ளே போய் வேலை செய்யும்வரை நான் உயிரோடு கிடந்ததையும் நான் யாருக்கு நன்றி சொல்வது? எனக்குத் தெரியும்.

தை பிறந்ததும் முழங்கை முழங்கால் தெரியாத உடுப்போடும், கழுத்தை மறைக்கும் தொப்பியோடும் படகில் ஏறினேன். டொக்டர் விட்டா, நிபந்தனைகளோடு. வெயில் ஏற முன்னம் கரைக்கு வந்துவிட வேண்டும். மீன் கழற்றுவதை வாடிக் கொட்டிலுக்குள், நிழலில் வைத்துச் செய்கிறேன். ஐஸ் பெட்டியைச் செல்வம் என்னைத் தொட விடமாட்டான். பழைய பலம் முழுதாக வரவில்லை. சில நாள் களைப்பு ஆளை அமுக்கிவிடும்; அன்றைக்கு வீட்டில் நிற்பேன், வெட்கப்படமாட்டேன். குளிசை எண்ணிக்கை குறைந்திருக்கிறது. நிற்கவில்லை. நிற்குமோ தெரியாது. கேட்டு மனதைக் குழப்பிக்கொள்வதும் இல்லை.

இதை ஏன் எல்லோருக்கும் சொல்கிறேன் என்றால், உங்களில் யாருக்காவது கையில் ஒன்று, தோலில் ஒன்று, வாயில் ஒன்று, நெஞ்சில் ஒன்று என்று நோய் சிதறிக் கிடக்கலாம். துண்டு துண்டாகக் காட்டாதீர்கள். சின்ன விசயம் என்று ஒன்றையும் மறைக்காதீர்கள். தலை முதல் கால் வரை சொல்லுங்கள். அதே மாதிரிக் கடவுளிடமும் சொல்லுங்கள். வெட்கப்படாமல், அலங்காரம் இல்லாமல், உள்ளதை உள்ளபடி. கேட்ட பிறகு உங்கள் பங்கை விடாமல் செய்யுங்கள். அவர் தன் பங்கை விடமாட்டார். இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை, என் உடம்பால் அறிந்து சொல்கிறேன்.

போன மாதம் கிளினிக்கில் எனக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை இருந்தா. திருநெல்வேலியில் அறை எடுத்துப் படிக்கிற பல்கலைக்கழக மாணவி. முகத்தின் சிவப்பை மறைக்கத் துவாயால் பொத்திக்கொண்டிருந்தா. அன்றைக்குத்தான் வருத்தத்தின் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கும் அதுதான் என்று அறிந்ததும் என் பக்கம் திரும்பினா.

"அண்ணா, இது எங்களை விட்டுப் போகாதாமே?"

"ஓம் தங்கச்சி, போகாது" என்றேன். "ஆனால் நாங்களும் போகமாட்டம்."

அவ துவாயை முகத்திலிருந்து எடுத்தா.